ஏகாம்பரம் கியர்

மருமகனுடைய காரை சர்வீசுக்கு விடப் போயிருந்தேன். ரேணிகுண்டா ரோட்டில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே ஒர்க்‌ஷாப்தான். வாசல் காவலாளி புது ஆள், என்னைத் தெரியாது. உள்ளே வேலை செய்கிறவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் புது முகங்கள். வண்டியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். ஒரு மெக்கானிக் இன்னொருவனைப் பார்த்துக் கத்தினான்.

"இன்னாடா இது, ஏகாம்பரம் கியர் போட்டு வெச்சிக்கிற? நட்டு ஆடிக்கினு கீது பாரு."

மற்றவன் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினான். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"யாருப்பா அந்த ஏகாம்பரம்?"

"யாரோ ஒரு ஆளு சார். முன்னாடி இங்க இருந்தாராம். அவரு மாட்டின கியரால ஒருத்தருக்குக் காலே பூட்ச்சாம். வேலய ஒழுங்கா செய்யலன்னா இங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"நாந்தாம்ப்பா அது" என்றேன்.

அந்தப் பையன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விஷயம் மேனேஜர் காதுக்குப் போய், அவர் என்னை ஏசி அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, காபி வரவழைத்து, தெரியாமல் பேசிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். "உங்க சர்வீஸ்ல நடந்த நல்ல விஷயங்கள எழுதிக் குடுங்க சார், பசங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சமாதானப் பரிசு போல. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் அது. மலரில் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நல்ல விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அவை அதிகம் இல்லை. சொந்த ஊர் திருத்தணிப் பக்கம். என் நைனா நெசவு, எனக்குத் தறியில் உட்காரப் பொறுமை கிடையாது. சித்தூரில் ஒரு லாரி ஷெட்டில் அடியும் உதையும் வாங்கித் தொழில் கற்றேன். அங்கே கற்றது என்ன என்று கேட்டால், கியர் பாக்ஸைக் கழற்றத் தெரிந்தவன் எல்லாம் மாட்டத் தெரிந்தவன் இல்லை என்பதுதான். பிறகு ரேணிகுண்டாவில் இந்த ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைத்தது. தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்துபோக முடியாமல், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அறையில் என்னோடு இருந்தவன் முனிரத்தினம். குப்பத்துக்குப் பக்கம் சாந்திபுரத்துக்காரன். நான் கியர் பாக்ஸ், அவன் பிரேக். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். கல்யாணம் ஆகி இருவரும் தனித்தனியாக வீடு பார்த்துப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் சாப்பிடும். என் மகனுக்கு அவன் மகளைக் கட்டலாம் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். எங்களைக் கேட்கக்கூட இல்லை.

எங்களுக்கு மேலே ஒர்க்ஸ் மேனேஜராக இருந்தவர் ராகவன் சார். திருப்பதியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் வைஷ்ணவக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் திருமலையில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் இன்ஜினியரிங் படித்துவிட்டு எங்கள் கிரீஸ் நாற்றத்துக்கு வந்தார். நெற்றியில் திருமண், சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. ஆனால் வேலை தெரிந்தவர். அதை நான் மறைக்கப் போவதில்லை. அவரைப் பற்றி இப்போது எழுதுகிறாயே, அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று சிலர் கேட்கலாம். அவர் இருந்தபோதும் இதைத்தான் சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

கியர் பாக்ஸ் வேலை எதுவாக இருந்தாலும் ராகவன் சார் கடைசியில் வந்து டிரைவர் சீட்டில் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். கியர் ராடின் குமிழை உள்ளங்கையால் பிடிக்க மாட்டார், மூன்று விரல் நுனியால் மட்டும் தொடுவார். ஒவ்வொரு கியராகப் போட்டு எடுப்பார். எங்காவது ஒரு மயிரிழை உறுத்தினால் கண்ணைத் திறக்காமலே "மூணாவது. கழட்டு" என்பார். கோபம் இருக்காது. குரல் உயராது. திருப்தி என்றால் இறங்கி, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். பாராட்டு அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டியைப் பாபாநாயுடுபேட்டை வரை ஓட்டிப் பார்க்காமல் சாவி வாடிக்கையாளர் கைக்குப் போகாது. மந்திரி வீட்டு வண்டியாக இருந்தாலும் இதுதான் சட்டம்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை மலைக்குப் போய், சுவாமி பாதத்தில் வைத்த மஞ்சள் கயிறு ஒரு கட்டு வாங்கி வருவார். பெரிய வேலை முடிந்த வண்டி எதுவானாலும், கடைசியில் அவரே தன் கையால் கியர் ராடில், குமிழுக்குக் கீழே, ஒரு கயிற்றைச் சுற்றி முடி போடுவார். வாயில் நாமம் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் யாரும் அதை விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட வாடிக்கையாளர்கள் உண்டு. "ராகவன் சார் கயிறு கட்டினா வண்டி நடுவழியில நிக்காது" என்று முனிரத்தினம் எல்லாரிடமும் சொல்வான்.

ஒருமுறை ஒரு காண்டிராக்டர், அவருடைய ஜீப்பில் நான் போட்ட புது பேரிங்கை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டிவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் என்னைத் திருடன் என்றார். ராகவன் சார் ஜீப்பின் கியர் பாக்ஸை அவர் முன்னாலேயே பிரிக்கச் சொன்னார். புது பேரிங் புத்தம் புதிதாக உள்ளே இருந்தது. "என் பசங்க தப்புப் பண்ணினா நானே உங்ககிட்ட வந்து சொல்லுவேன். இவன் பண்ணலை. நீங்க மன்னிப்புக் கேட்டுட்டு வண்டியை எடுத்துண்டு போகலாம்" என்றார். காண்டிராக்டர் கேட்டார். அன்று ராத்திரி நான் என் மனைவியிடம், இந்த மனுஷனுக்காக என் உயிரைக்கூடக் கொடுப்பேன் என்று சொன்னேன். சொன்னதை நினைத்தால் இன்றைக்கு வயிறு எரிகிறது.

சித்தூரில் கிரானைட் தொழிற்சாலை வைத்திருந்த பிரபாகர் என்பவர் ஒரு பழைய இங்கிலாந்து வண்டி வாங்கியிருந்தார். இரண்டே பேர் உட்காரலாம், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். தரையோடு ஒட்டி ஓடும் சிவப்பு வண்டி. எங்கேயோ எஸ்டேட்டில் கோழி அடைந்துகிடந்த வண்டியைக் கொண்டுவந்து, எங்களிடம் விட்டுப் புதிதாக்கச் சொன்னார். மாதக்கணக்கில் வேலை நடந்தது. இன்ஜின், பெயிண்ட், சீட் எல்லாம் முடிந்துவிட்டது. முனிரத்தினம் பிரேக் முழுவதையும் புதிதாகச் செய்து வைத்திருந்தான். முடிகிற நேரத்தில் அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து வந்தார். வண்டியில் உட்கார்ந்து கியர் போட்டுப் பார்த்துவிட்டு, "பஸ் கியர் மாதிரி இருக்கு அங்கிள்" என்றார். அடுத்த முறை வரும்போது கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஷார்ட் ஷிஃப்டர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கியர் ராடு என்பது நடுவில் ஒரு உருண்டையில் ஆடும் கம்பி. மேலே நாம் கையால் தள்ளுகிறோம், கீழ் முனை கியர் பாக்ஸுக்குள் எதிர்ப் பக்கம் நகர்ந்து கியரை மாற்றுகிறது. அந்த உருண்டையை மேலே ஏற்றி வைத்துவிட்டால், மேல் பாதி குட்டை, கீழ்ப் பாதி நீளம். கை கொஞ்சம் அசைந்தால் போதும், கியர் விழுந்துவிடும். பந்தய வண்டி போல 'டக், டக்' என்று இருக்கும். ஆனால் கை வலு கூடுதலாகக் கேட்கும், ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் சுருங்கிப்போகும். இந்த வண்டியில் ஃபர்ஸ்ட் கியர் இடது பக்கம் முன்னால். ரிவர்ஸ் அதற்கும் இடது பக்கம், அதுவும் முன்னால். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. தவறிப் போகாமல் இருக்க, புதிய ராடில் குமிழுக்குக் கீழே ஒரு வளையம் வைத்திருந்தார்கள். வளையத்தை இரண்டு விரலால் மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் பக்கம் வழி திறக்கும். விட்டால் ஸ்பிரிங் அதைக் கீழே இழுத்து வழியை அடைத்துவிடும்.

அந்த வேலையை நான் தனியாகச் செய்தேன். குமிழைக் கழற்றி, தோல் உறையை மடித்து எடுத்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள மேட்டின் தகட்டைப் பிரித்தேன். கழற்றியவுடன் கியர் பாக்ஸ் வாயில் வெள்ளை வேட்டித் துணியைத் திணிப்பது ராகவன் சார் எங்களுக்குப் பழக்கியது. ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் முழு பாக்ஸையும் இறக்க வேண்டும். பழைய ராடைப் பிடித்திருந்த நைலான் கிண்ணம் கை பட்டதும் உதிர்ந்தது. எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து, புதுக் கிண்ணத்தில் கிரீஸ் தடவி, புது ராடை இறக்கினேன். இரண்டாவது கியர் போடும்போது ராடு தகட்டின் விளிம்பில் உரசியது. விளிம்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். ரிவர்ஸைத் தடுக்கும் தகட்டை இரண்டு திருகில் நகர்த்தி அளவு வைக்க வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்த இடைவெளியை கேஜ் வைத்து அளந்து, லாக் நட்டுகளை இறுக்கி, மறுபடியும் அளந்தேன். இறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். மாறியிருந்தது. தளர்த்தி மறுபடி வைத்தேன்.

ராகவன் சார் வந்தார். பின் சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினார். எல்லா கியரும் போட்டார். கடைசியில் வளையத்தைத் தூக்காமல் ராடை இடது பக்கம் தள்ளினார். தடுத்தது. இன்னும் பலமாகத் தள்ளினார். தடுத்தது. மூன்றாவது முறை தோளைக் கொடுத்தே தள்ளினார். போகவில்லை. இறங்கி, கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். இதை நான் மட்டும் பார்க்கவில்லை. முனிரத்தினமும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

பிரபாகர் குடும்பத்தோடு வந்துவிட்டார். புது வண்டிக்குச் செய்வது போல பூஜை செய்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டி முதல் அடி எடுத்து வைக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டு ஜோசியர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் தரையில் சக்கரம் உருளவே கூடாதாம். முகூர்த்தமும் நெருங்கிவிட்டது.

"சார், ஓட்டிப் பார்க்கணுமே" என்றேன் ராகவன் சாரிடம்.

பிரபாகர் முந்திக்கொண்டார். "டைம் அயிப்போதுந்தி ராகவன்காரு. முந்து பூஜை. ட்ரயல் அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் பாத்துக்கோங்க."

முகூர்த்தம் என்றதும் ராகவன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகக் காத்துவந்த சட்டத்தை முதல் முறையாக விட்டுக்கொடுத்தார். "சரி, இறக்கு" என்றார் என்னிடம். நான் ஜாக்கியைப் பிடித்து வண்டியைத் தரைக்கு இறக்கினேன். நான் கீழே குனிந்திருந்த அந்த நேரத்தில்தான் அவர் வழக்கம்போல உள்ளே கையை விட்டுக் கயிறு கட்டினார்.

மருமகன் சீட்டில் உட்கார்ந்தார். கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தது முனிரத்தினம். எங்கள் தரை பின்பக்கச் சாக்கடையை நோக்கிக் கொஞ்சம் சரிவு. பின் சக்கரத்துப் பழம் ஒன்று சக்கரத்தின் ஓரமாக நழுவி உருண்டு வண்டிக்குப் பின்னால் ஓடியது. அபசகுனம் ஆகிவிடக்கூடாதே என்று அவன் அவசரமாகப் பின்னால் போய்க் குனிந்தான். அவனுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண்.

"போனிவ்வு, போனிவ்வு", போகட்டும் விடு என்று பிரபாகர் கையை ஆட்டினார். மருமகன் ராடை இடது பக்கம் சாய்த்து முன்னால் தள்ளி கிளட்ச்சை விட்டார். வண்டி பின்னால் பாய்ந்தது.

முனிரத்தினம் கத்திய சத்தத்தை நான் எழுத மாட்டேன். மருமகன் காலை எடுத்ததும் இன்ஜின் நின்றுபோனது, ஆனால் வண்டி ரிவர்ஸ் கியரில் அவனைத் தூணோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றது. கியரை எடுக்க நான் ஓடிப்போய் உள்ளே கையை விட்டேன். அப்போது பார்த்தேன். வளையம் மேலே நின்றுகொண்டிருந்தது. பழைய ராடில் குமிழுக்குக் கீழே ஒரு சாண் கம்பி இருக்கும், கயிறு கட்ட இடம் இருந்தது. இந்தக் குட்டை ராடில் இடம் ஏது? ராகவன் சார் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி, தடிமனாக முடிபோட்டிருந்தார். வளையம் அந்தக் கயிற்றின் மேல் உட்கார்ந்துவிட்டது, கீழே இறங்கவே வழி இல்லை. ரிவர்ஸுக்குக் கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது.

கியரை நியூட்ரலுக்கு இழுத்தேன். எல்லாரும் சேர்ந்து வண்டியை முன்னால் தள்ளி அவனை வெளியே எடுத்தோம். தூக்கிக்கொண்டு போகும்போது நான் திரும்பிப் பார்த்தேன். ராகவன் சார் வண்டிக்குள் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் சின்ன கத்தரிக்கோல் இருந்தது. வெட்டிய கயிற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. 

முனிரத்தினத்துக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். வளையத்தைத் தூக்கிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், சரியாகத்தான் வேலை செய்தது. ராகவன் சாரைக் கேட்டார். ராகவன் சார் சொன்னார்: "அன்னிக்கு லாக் தகடு தளர்வா இருந்தது. விபத்துக்கப்புறம் நான்தான் இறுக்கினேன். ஃபிட்டிங்ல தப்பு." என்னைப் பார்க்காமல், எதிரே சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னால் அந்த ஒர்க்‌ஷாப்பில் மறுபேச்சு கிடையாது. நான் கயிற்று விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் திருமண்ணோடு உட்கார்ந்திருக்கிற மனிதரையும் பார்த்தார். "தப்பிக்கறதுக்கு சாமிய இழுக்கறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

வெளியே வந்ததும் ராகவன் சாரை வழிமறித்தேன்.

"சார், நீங்களே தள்ளிப் பார்த்தீங்க. மூணு தடவ பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சார்?"

அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "பெருமாள் பாதத்துல வெச்ச கயிறுடா. அதனால ஒருத்தன் கால் போச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்றியா? என் வம்சமே அவனுக்குக் கைங்கரியம் பண்ணிண்டிருக்கு. என்னால முடியாது. உன் கை தப்புன்னா நாலு நாள் பேசுவா, அப்புறம் மறந்துடுவா."

"சாமி மேல தப்புன்னு யாரு சொன்னாங்க? கட்டின எடம்தான் தப்பு" என்றேன். அவர் விறுவிறுவென்று நடந்துபோய்விட்டார்.

சரி, உலகம் நம்பாவிட்டால் போகட்டும், முனிரத்தினத்துக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அவனும்தானே பக்கத்தில் நின்று பார்த்தான்? ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுடைய கட்டில் கம்பியில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. தலைமாட்டில் பிரசாதம். ராகவன் சார் வந்து போயிருக்கிறார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இன்னாடா பேசற நீ? சாமிக் கயித்து மேலயா பழி போட்ற?"

"முனி, நீயே பார்த்தியே. சாரு தள்ளினாரு, போவல இல்ல?"

"ஸ்டாண்டு மேல போவல. கீழ எறக்கனதும் லூசாயிடுச்சோ இன்னாவோ. நட்டு சரியா முடுக்கி இருக்க மாட்ட. தப்பாயிடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன். நான் இன்னா உன்ன துன்னுடப் போறனா? பெருமாள இழுக்கறியேடா. என் உயிரு மிஞ்சனதே அந்தக் கயித்தாலதான்."

அவன் மனைவி என்னை வெளியே போகச் சொன்னாள். பொய்யாக ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. செய்யாத வேலையைச் செய்தேன் என்று நான் எப்படிச் சொல்வது? வேறு என்ன சொத்து இருக்கிறது என்னிடம், கையைத் தவிர?

அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவன் சாந்திபுரத்துக்கே போய், உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பஞ்சர் கடை வைத்துக்கொண்டான். அவன் மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. என் மகன் கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் இருந்தான், பிறகு சரியாகிவிட்டான். ஒர்க்‌ஷாப்பில் என்னை கியர் பாக்ஸிலிருந்து எடுத்து வாட்டர் சர்வீசில் போட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் நான் அங்கே வண்டிதான் கழுவினேன். ராகவன் சார் தினமும் அந்த வழியாகத்தான் போவார். "என்ன ஏகாம்பரம்" என்பார். நானும் வணக்கம் வைப்பேன். ஒன்று சொல்ல வேண்டும், அந்த நாளுக்குப் பிறகு அவர் எந்த வண்டிக்கும் கயிறு கட்டவில்லை. ஏன் நிறுத்திவிட்டார் என்று யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ராகவன் சார் ஆள் அனுப்பினார். அவருக்கு அப்போது உடம்பு தளர்ந்துவிட்டது, இரண்டு முழங்காலும் மடங்காது. கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்தில் வீடு. போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கம் வரமாட்டேங்கறது ஏகாம்பரம். முனிரத்தினத்தை ஒரு தரம் பார்க்கணும். நீ அழைச்சுண்டு போ. நானே சொல்லிடறேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"எல்லாம்."

அன்றைக்கு நான் வீடு வந்து சேர்ந்தது எனக்கு நினைவே இல்லை. மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதாள். என் மருமகனுடைய காரில் ராகவன் சாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சித்தூர் தாண்டி, பலமநேர் தாண்டி, வழியெல்லாம் ராகவன் சார் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாமம் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். உற்றுக் கேட்டபோது, "நான்தான் கட்டினேன், நான்தான் கட்டினேன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. பாவம் மனுஷன் என்றுகூட நினைத்தேன்.

முனிரத்தினம் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். முடி எல்லாம் வெளுத்துவிட்டது. காரிலிருந்து ராகவன் சார் இறங்குவதைப் பார்த்ததும், கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்தே விட்டான். "சார், சார், என்னத் தேடிக்கினு நீங்க வர்றதா?" என்று தடுமாறினான். வீட்டுக்குள் அழைத்துப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மனைவியை, பேரப்பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, "இவருதான் எங்க பெரிய சாரு. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப வாரா வாரம் பிரசாதம் எடுத்துக்கினு வந்தாரே, அந்தச் சாரு. கால்ல உயுந்து கும்புடுங்க" என்றான். பிள்ளைகள் ராகவன் சார் காலில் விழுந்தார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றேன்.

"முனிரத்தினம்" என்றார் ராகவன் சார். "ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"தெரியும் சார்" என்றான் அவன். "ஏகாம்பரத்தக் கூட்டிக்கினு வந்திருக்கீங்களே, அதுலயே தெரிஞ்சிடுச்சி. ரெண்டு பேரையும் சேத்து வெச்சிட்டுப் போவணும்னு வந்திருக்கீங்க. உங்களுக்கு இந்த வயசுல இது தேவையா சார்?" என்னைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவன் கண்ணில் கோபம் இல்லை. "வாடா இங்க. ஏன் அங்கயே நின்னுக்கினு கீற?"

போனேன். அவன் என் கையைப் பிடித்தான். சொரசொரவென்று ரப்பர் பிசின் ஒட்டிய கை.

"இவன் மேல எனக்குக் கோவம் எல்லாம் எப்பவோ பூட்ச்சி சார். கை தவறிடுச்சி, இன்னா பண்றது? நான் மன்னிச்சிட்டேன். உங்க பேருக்கும் இவனால கெட்ட பேரு வந்திச்சி. பெரிய மனசு பண்ணி நீங்களும் இவன மன்னிச்சிடுங்க சார்."

நான் ராகவன் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய உதடு காரில் அசைந்ததைப் போலவே அசைந்தது. நான் காத்திருந்தேன். முனிரத்தினத்தின் மனைவி காபியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேரப்பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது நானே வாயைத் திறந்தால் மறுபடியும் சாமியை இழுக்கிறவன் ஆவேன். என் கையைப் பிடித்திருக்கும் கை விட்டுப்போகும்.

"மன்னிச்சாச்சு" என்றார் ராகவன் சார்.

முனிரத்தினம் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். ராகவன் சார் வெளியில் சாப்பிட மாட்டார் என்பதால் கிளம்பினோம். வாசலில் அவர் செருப்பைத் தேடினார். அவரால் குனிய முடியாது. நான்தான் எடுத்து அவர் காலடியில் போட்டேன்.